உடையும் என்று தெரியும், எங்கே உடையும்?

பாரிஸ் துறவி மரேன் மெர்சென் 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போது பகா எண் கிடைக்கும்? 257 வரையுள்ள அடுக்குகளில் அவர் சொன்னவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வழியே இல்லாத துணிச்சல். ஆனாலும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் 67 அந்தப் பட்டியலில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண் 147573952589676412927. சுமார் பதினான்கே முக்கால் லட்சம் கோடி கோடி.

1876-இல் பிரான்சின் எடுவார் லூக்கா இது பகா எண் அல்ல என்று காட்டினார். வேடிக்கை என்னவென்றால், எந்த எண்ணால் வகுபடும் என்று அவருக்கும் தெரியாது! அவருடைய சோதனை காரணிகளைத் தேடுவதே இல்லை. பின்னாளில் லேமர் என்ற கணிதர் எளிமைப்படுத்திய வடிவில் அதைச் செய்து பார்க்கலாம். 4-இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கு 5 என்றால் எண் 31. 4, 14 ஆகிறது. 14, 194 ஆகி மீதி 8. 8, 62 ஆகி மீதி பூஜ்யம். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 67-க்கு 65 படிகள் போயும் பூஜ்யம் வருவதில்லை.

சரி, காரணிகள் எவை? கண்ணை மூடிக்கொண்டு தேட வேண்டியதில்லை. அடுக்கு, 2-ஐத் தவிர்த்த ஒரு பகா எண்ணாக இருந்தால், காரணி எதுவானாலும் அடுக்கின் இரு மடங்கால் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். 11-ஆம் அடுக்கில் கிடைக்கும் 2047, 23-ஐ 89-ஆல் பெருக்கியது; இரண்டையும் 22-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியென்றால் 67-க்கு 135, 269, 403 என்று 134 கூட்டிக்கொண்டே போகலாம். முதல் காரணி அந்த வரிசையில் 14,45,580-ஆவது இடத்தில் பதுங்கியிருந்தது. கையால் வகுத்துக் கண்டுபிடிக்கிற காரியமா அது?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் நெல்சன் கோல், இருபடி எச்சங்களை, அதாவது வர்க்க எண்களை வகுக்கும்போது வரும் மீதிகளைக் கொண்டு, பொருந்தாதவற்றைச் சலித்து ஒதுக்கினார். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் விடையை வைத்தார்: 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்க வேண்டும். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார், அரங்கம் கைதட்டியது, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்று பிறகு சொன்னார் என்பதெல்லாம் கணித நூலாசிரியர் எரிக் டெம்பிள் பெல் பல பத்தாண்டுகள் கழித்து எழுதியது. பெல் கதையைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்பவர். பெருக்கலில் மட்டும் மெருகு எதுவும் இல்லை. தாளும் பேனாவும் இருந்தால் யாரும் சரிபார்த்துவிடலாம்.

மெர்சென் சொன்ன 257-உம் தவறு. 61, 89, 107 மூன்றையும் அவர் விட்டுவிட்டார்.

கோல் அத்தனை ஞாயிறுகளைச் செலவிட்டதாகச் சொல்லப்படும் எண்ணை இன்றைய மடிக்கணினி கண்ணிமைப்பதற்குள் உடைத்துவிடும். ஆனால் அடுக்கை 1277-க்கு உயர்த்தினால் 385 இலக்க எண் ஒன்று வரும். லூக்காவின் வழியில் சோதித்தால் அது பகு எண். அதன் காரணிகளில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.