கலங்கிய கடலில் தெளிவான படம்

மாணவர்களே, ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்புங்கள். மூன்று நான்கு சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். விரலைத் தண்ணீருக்குள் விட்டு, குவளையின் பக்கச் சுவரை ஒட்டி வைத்துக்கொண்டு வெளியிலிருந்து பாருங்கள். விரல் ரேகைகூடத் தெரியும். இப்போது விரலை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். கொஞ்ச தூரத்திலேயே அது மங்கி வெறும் நிழலாகிவிடும். தண்ணீரும் மாறவில்லை, விரலும் மாறவில்லை. உங்கள் கண்ணுக்கும் விரலுக்கும் இடையில் இருக்கும் தண்ணீரின் அளவுதான் மாறியது.

கடலின் சிற்றுயிர்களைப் படம் பிடிக்கக் கற்றுக்கொள்பவருக்கு முதல் பாடம் இதுதான்.

"போர்ட்டிக்சன் கடலில் என்ன சார் இருக்கிறது? ஒரே சேறுதானே!" என்று என் வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்பார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. நீரோட்டம் அதன் அடிமண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. நம் தோட்டங்களில் பெய்யும் மழை அடித்துச் செல்லும் மண்ணும் லிங்கி போன்ற ஆறுகளின் வழியாக அங்குதான் போய்ச் சேருகிறது. ஆனாலும் தஞ்சோங் துவான் முனையை ஒட்டிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகம் தன் கடல்சார் ஆய்வு நிலையத்தைப் போர்ட்டிக்சனில் வைத்திருக்கிறது. அங்கே உயிர்கள் உண்டு. நாம்தான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம்.

குளிர்கடல் கற்றுத்தந்த வழி

நார்வே, ஸ்காட்லாந்து, கனடாவின் மேற்குக் கரை போன்ற இடங்களின் குளிர்ந்த கடல்களும் பல மாதங்கள் கலங்கித்தான் இருக்கும். அங்கே காரணம் வேறு. அந்தக் கடல்களில் சத்துப்பொருள்கள் அதிகம். வசந்த காலத்தில் வெயில் கூடியதும் நுண்ணிய மிதவையுயிர்கள் பெருகித் தண்ணீர் பச்சையாகிவிடும். முக்குளிப்பவருக்குச் சில மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதனால் அங்குள்ள படப்பிடிப்பாளர்கள் பலர் பரந்த காட்சிகளை விட்டுவிட்டு, ஒரு சாண் தூரத்துக்குள் நெருங்கிச் சிற்றுயிர்களைப் படம் எடுக்கிறார்கள். இதையே மேக்ரோ படப்பிடிப்பு என்கிறோம். இரண்டு சென்டிமீட்டர் உயிரின் பிம்பம், கேமராவின் உணரியிலும் இரண்டு சென்டிமீட்டராகவே விழுந்தால் அது முழு மேக்ரோ.

அவர்கள் விரும்பித் தேடுவது நூடிபிராங்க் எனப்படும் ஓடில்லாக் கடல் நத்தைகளை. உலகில் இவற்றில் 3,000க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. வெப்பக் கடல்களிலும் வாழ்கின்றன. சில வகைகள் கடற்சாமந்தி போன்ற கொட்டும் உயிர்களைத் தின்று, அவற்றின் கொட்டும் அணுக்களைச் செரிக்காமல் தம் முதுகிலுள்ள விரல் போன்ற நீட்சிகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிடுங்கிய ஆயுதத்தையே தம் காவலுக்கு வைத்துக்கொள்கின்றன!

தண்ணீர் செய்யும் மூன்று வேலைகள்

முதலாவது, ஒளிச்சிதறல். தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஒளியைத் திருப்பி விடுகிறது. தூரம் பாதியானால் இடையில் நிற்கும் துகள்களும் பாதியாகும். நெருங்கினால் படம் தெளிவது இதனால்தான். கேமராவின் பிளாஷ் லென்ஸுக்கு அருகிலேயே இருந்தால் துகள்களில் பட்ட ஒளி நேராகத் திரும்பி வந்து, படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இது பெரிதும் குறையும்.

இரண்டாவது, ஒளிவிலகல். தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. அதனால் கண்ணாடிக்கு அப்பால் தண்ணீரில் 4 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பொருள், 3 சென்டிமீட்டரில் இருப்பதுபோல் தெரியும். கேமராவும் இப்படியேதான் ஏமாறும்.

மூன்றாவது, நிறம் விழுங்குதல். தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் உறிஞ்சுகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிப் பழுப்பாகத் தெரியும். ஆனால் பக்கத்திலிருந்து விளக்கடித்தால் ஒளி கடக்கும் தண்ணீர் மிகக் குறைவு. நிறம் அப்படியே கிடைக்கும்.

இந்தச் சிக்கல்கள் புதியவை அல்ல. 1893இல் பிரான்சின் பாங்யூல்ஸ்-சூர்-மெர் கடற்கரையில் லூயி பூத்தான் என்ற உயிரியலாளர், தம் சகோதரரின் உதவியுடன் நீர்புகாப் பெட்டியில் கேமராவை வைத்துக் கடலடியில் படம் எடுத்தார். போதிய ஒளி இல்லாததால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம் வரைகூடக் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் அவரே கடலடி விளக்குகளையும் உருவாக்கிப் பார்த்தார்.

வீட்டிலேயே பழகுங்கள்

இதற்கு விலையுயர்ந்த கேமரா வேண்டாம். அடிப்பகுதி தட்டையான, தெளிந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். முதலில் உள்ளே மெல்லிழைத்தாள் வைத்துத் தண்ணீரில் அழுத்திப் பாருங்கள். தாள் நனையாவிட்டால் டப்பா நல்லது. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் சிறு கல்லைப் போட்டு, அதன்மேல் 20 சென் நாணயத்தை வையுங்கள். டப்பாவின் அடிப்பகுதியை நீரில் அமிழ்த்தி, கைப்பேசியை உள்ளே வைத்துப் படம் எடுங்கள். டப்பா ஜன்னல்போல் வேலை செய்யும். நீர்ப்பரப்பின் நெளிவும் பளபளப்பும் படத்தில் வராது. கையிலுள்ள டார்ச்லைட்டைப் பக்கத்திலிருந்து காட்டுங்கள். நாணயத்தின் எழுத்து தெளிவாக விழும்வரை தூரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

அடுத்து, போத்தலில் வளர்க்கும் கப்பி மீனை எடுங்கள். இங்கே புதிய சிக்கல் வரும். மிக நெருங்கும்போது படத்தில் கூர்மையாக விழும் பகுதி சில மில்லிமீட்டர்தான். வால் தெளிந்தால் கண் மங்கும். எப்போதும் கண்ணையே குறிவையுங்கள். நூடிபிராங்க் என்றால் தலையிலுள்ள இரண்டு கொம்புகளைக் குறிவைக்க வேண்டும். அவை அதன் மோப்ப உறுப்புகள்.

படத்தைவிடப் பெரியது

கடற்கரையில் நான் முதலில் எடுத்த படங்கள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அது பரவாயில்லை. ஆனால் அன்று ஒரு நண்டுக்காகக் கல் ஒன்றைப் புரட்டினேன். படம் சரியாக வரவில்லையே என்ற கவலையில் கல்லைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். சற்று நேரம் கழித்து வந்து பார்த்தபோது, கல்லின் அடியில் ஒட்டியிருந்தவை எல்லாம் உச்சிவெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. இருளையும் ஈரத்தையும் நம்பி வாழ்ந்த உயிர்கள் அவை. அந்தக் கல்லை மெதுவாகத் திருப்பி வைத்தேன். எத்தனை பிழைத்தன என்று எனக்குத் தெரியாது.

அதனால் நீங்கள் போகும்போது பெரியவர் ஒருவருடன், கடல் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள். காலணி அணியுங்கள். பவளத்தை மிதிக்காதீர்கள். எதையும் கையில் எடுக்காதீர்கள். அழகான கூம்புச் சங்குக்குள் நஞ்சுள்ள நத்தை இருக்கலாம். கல்லைப் புரட்டாமல், வெளியே தெரியும் உயிரின் பக்கத்தில் அசையாமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். சங்குக்குள் ஒளிந்த துறவி நண்டு தானாகவே தலை நீட்டும்.

அந்த ஐந்து நிமிடத்தில் அது எப்படி நடக்கிறது, எதைத் தின்கிறது என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். படம் மங்கலாக வந்தாலும் அந்தக் குறிப்பு உங்களிடம் இருக்கும்.