வீட்டு விறாந்தையில் ஒரு புகையிரதப் பாதை

வல்வெட்டித்துறைக்குப் புகையிரதம் வந்ததில்லை. கடலே இவ்வூராரின் பெருந்தெரு. 1930ஆம் ஆண்டில் இங்கே கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை ஊரார் நன்கு அறிவர். இத்தகைய கைத்திறன் மரபுடைய ஊரில், வீட்டு விறாந்தையில் ஒரு சிறு புகையிரதப் பாதை அமைக்க விரும்பும் மாணவர், அதற்கு வேண்டிய கருவிகளையும் தாமே ஆக்கிக்கொள்ளுதல் பொருத்தமே, அவசியமுமாகும்.

அவசியம் ஏனெனில், கடையில் விற்கும் மாதிரிப் பாதை நம்முடையது அன்று. நம் நாட்டின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைத்தூரம் ஐந்தடி ஆறங்குலம். அதாவது 1676 மில்லிமீற்றர். இதனை 76இல் ஒரு பங்காகக் குறைத்தால் 22 மி.மீ. வரும். அதே அளவுத்திட்டத்தில் பிரித்தானியக் கம்பனிகள் விற்கும் பாதையோ 16.5 மி.மீ. அகலமே உடையது. அதன்மேல் யாழ்தேவியை ஓடவிட்டால், பெரியவர் ஒருவர் குழந்தையின் செருப்பை மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

ஆகவே, முதற் கருவி ஒரு மரத்துண்டு. வைரம் பாய்ந்த பலகைத் துண்டு இரண்டைச் சரியாக 22 மி.மீ. அகலத்துக்கு அறுத்து, அரத்தால் ஒப்பமிடுக. வாங்கிய பாதையிலிருந்து தண்டவாளங்களை மாத்திரம் உருவியெடுத்து, இத்துண்டுகளை இடையே வைத்து, உடுப்புக் கிளிப்புகளால் இறுக்கிப் பசை காயும்வரை விட்டுவிடுக. பாதை எங்கும் ஒரே அகலமாய் அமையும்.

சிலிப்பர் கட்டைக்கு ஐஸ்பழக் குச்சியே போதும். 10 மி.மீ. அகலமான குச்சியை நெடுக்கே மூன்றாகப் பிளந்து, 36 மி.மீ. நீளத்துக்கு நறுக்கினால், ஒன்பதடி நீளமும் பத்தங்குல அகலமும் உள்ள கட்டையின் சரியான சிற்றுருவம் கிடைக்கும்.

பெட்டிகளின் அச்சுக்குப் பழைய துவிச்சக்கர வண்டியின் சில்லுக் கம்பி உதவும். அதன் தடிப்பு ஏறக்குறைய 2 மி.மீ. இரு சில்லுகளின் உட்புறங்களுக்கு இடையே 20 மி.மீ. இருத்தல் வேண்டும். இதற்கும் ஓர் அளவுத்துண்டு செய்துகொள்க. மோட்டார் பூட்டிய இயந்திரத்தை இறுதியிற் செய்யலாம். தள்ளியோட்டும் பெட்டிகளே முதற் பாடம்.

அமைப்பதிலும் பேணுவதே கடினம். உப்புக் காற்று உருக்குத் தண்டவாளத்தை விரைவில் துருவேற்றும். நிக்கல் கலந்த வெண்கலப்பு உலோகத் தண்டவாளம் துருவேறாது. எனினும் அதன்மீது படியும் அழுக்கு மின்னோட்டத்தைத் தடுக்கும். மின்னை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்தால் அழுக்கு நீங்கும். மணற்கடதாசி வேண்டாம், அது விடும் கீறல்களில் மேலும் அழுக்குச் சேரும். வெயிலில் தண்டவாளம் நீளுமாதலால், மூட்டுதோறும் ஒரு தபாலட்டையின் தடிப்பளவு இடைவெளி விடுக.

கற்களுக்குப் பதிலாகக் கடல் மணல் இடுவோர், அதனைக் கிணற்று நீரிற் பலமுறை கழுவி உலர்த்துதல் வேண்டும். உப்பிருந்தால் மணல் என்றும் ஈரம் இழுக்கும். மணலைப் பரப்பியபின், நீர் கலந்த மரப்பசையில் ஒரு துளி சவர்க்காரக் கரைசல் சேர்த்து, கண்மருந்துச் சொட்டுக் குழாயால் இடுக. பசை உள்ளே இறங்கும்.

இவ்வளவு பாடுபட்டு அமைப்பது எந்தப் பாதையை? 1905இல் கொழும்புடன் தொடர்பு பெற்ற காங்கேசன்துறைப் பாதையில், 1956 முதல் யாழ்தேவி ஓடிற்று. 1990இல் போரினால் சேவை நின்றது. தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் இங்கே பிறந்து வளர்ந்தோர் பலர், புகையிரதத்தைப் படத்திலேயே கண்டனர்.

எனவே, மாணவர்களே, பலகையை அறுக்குமுன் அப்பப்பாவையோ அம்மம்மாவையோ அருகில் இருத்திக் கேளுங்கள்: பழைய காங்கேசன்துறை நிலையத்தில் மேடை எப்பக்கம் இருந்தது? கைகாட்டி எங்கே நின்றது? அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் வரையும் படமே உங்கள் பாதைக்கு அடித்தளம். மரத்துண்டை மறுபடியும் அறுத்துக்கொள்ளலாம். அந்த நினைவுகளை அவர்களிடமன்றி வேறெங்கும் பெற இயலாது.