கறுப்பு வயரை எங்கே கட்டுவது?

பேட்டரி வண்டியில் கண்காணிப்புக் கருவி பொருத்தும் வணிகர்கள் கவனத்துக்கு

சரக்கு ஏற்றிய வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் வியாபாரிக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. அதனால்தான் நம்மில் பலர் சரக்கு கொண்டுவரும் பேட்டரி ஆட்டோவிலும், குடோனில் மூட்டை தூக்கும் பேட்டரி ஃபோர்க்லிஃப்டிலும் ஜி.பி.எஸ். கருவி பொருத்துகிறோம். கருவி சிறியதுதான். ஆனால் அதன் நெகட்டிவ் வயரை, அதாவது பெரும்பாலும் கறுப்பாக வரும் வயரை, இடம் மாற்றிக் கட்டினால் நஷ்டம் பெரிது.

டீசல் வண்டிப் பழக்கம்

லாரி, வேன்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனை இரும்பு பாடியோடு சேர்ந்தே இருக்கும். ஆகவே மெக்கானிக் கறுப்பு வயரை அருகில் உள்ள போல்ட்டில் முடுக்கிவிடுவார். இதுவே 'பாடி எர்த்'.

ஃபோர்க்லிஃப்டில் இந்தப் பழக்கம் செல்லாது. அதில் பெரிய பேட்டரியின் இரு முனைகளும் பாடியைத் தொடாமல் தனித்தே இருக்கும். ஒரு வயர் உரசிப் பாடியைத் தொட்டாலும் உடனே ஷார்ட் ஆகாதிருக்கவே இந்த ஏற்பாடு. இதில் கறுப்பு வயரைப் பாடியில் முடுக்கினால் கருவி வேலை செய்யாது. வேலை செய்ய வைக்க, பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஒரு துண்டு வயர் போட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேதான். அதன்பின் பாசிட்டிவ் வயர் ஒன்று தோல் உரிந்து பாடியைத் தொட்டால், மின்சாரம் முழுவதும் அந்தத் துண்டு வயர் வழியே பாயும். வயர் பழுத்துத் தீப்பிடிக்கலாம்.

நான்கு பேட்டரி ஆட்டோ

சில ஆட்டோக்களில் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு சேர்ந்து 48 வோல்ட் தரும். சார்ஜ் ஏறும்போது இது 58 வோல்ட் வரை போகும். 36 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் கருவியை நேரே இணைத்தால் கருகிவிடும். ஒரே ஒரு பேட்டரியில் மட்டும் 12 வோல்ட் எடுப்பதும் தவறு. அந்த ஒன்று மட்டும் நாளடைவில் இறங்கி, மற்ற மூன்றையும் கெடுக்கும்.

சொல்லிச் செய்விக்க வேண்டியவை

1. வேலைக்கு முன் பேட்டரி பிளக்கைக் கழற்ற வேண்டும்.

2. விளக்கு, ஹாரனுக்கு 12 வோல்ட் தரும் கன்வெர்ட்டர் வண்டியில் இருந்தால், சிவப்பு, கறுப்பு இரண்டையும் அதன் முனைகளிலேயே எடுக்க வேண்டும். இல்லையேல் உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் தனித்தனியான 'ஐசொலேட்டட்' கன்வெர்ட்டர் தனியாக வாங்கிப் போடலாம்.

3. மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே சிவப்பு வயரில் சிறிய ஃபியூஸ் வேண்டும்.

4. கருவியின் பெட்டி இரும்பானால், அடியில் ரப்பர் அட்டை வைத்துப் பொருத்த வேண்டும்.

5. பெரிய பேட்டரியின் பாசிட்டிவுக்கும் பாடிக்கும் இடையே, பொருத்துவதற்கு முன்னும் பின்னும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். முன்பு இல்லாத முழு வோல்டேஜ் பின்பு காட்டினால், நெகட்டிவ் எங்கோ பாடியைத் தொடுகிறது. வண்டியை எடுக்க வேண்டாம்.

சார்ஜர் பிளக்கில் உள்ள பச்சை எர்த் வயர் வேறு. அது ஆள் உயிரைக் காப்பது. அதில் கருவியின் வயரைச் சேர்க்கவும் கூடாது, அதைத் துண்டிக்கவும் கூடாது.

வெளியாளை வைத்து வயரிங்கில் கை வைத்தால் வாரண்டி செல்லாது என்று கம்பெனி மறுக்கக்கூடும். எனவே எந்த முனையில் எடுக்கலாம் என்பதை வண்டி விற்ற டீலரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்வோம். கருவியின் விலையைவிடப் பேட்டரியின் விலை பல மடங்கு என்பதை நாம் மறக்கலாகாது.