விசேட தேவையுடைய பிள்ளைகளும் விளையாட்டும்

விளையாட்டென்பது வெறும் பொழுதுபோக்கன்று. தன் முறை வரும்வரை காத்திருத்தல், விதிக்கு அடங்குதல், தோல்வியைத் தாங்குதல், நட்புக் கொள்ளுதல் முதலியவற்றைப் பிள்ளைகள் நூல்களிற் கற்பதில்லை, முற்றத்திலேயே கற்கின்றனர். ஆயின், உடற்குறையோ புலக்குறையோ அறிவு வளர்ச்சியில் தாமதமோ உடைய பிள்ளைகளுக்கு அம்முற்றத்தின் வாயில் பெரும்பாலும் அடைபட்டே கிடக்கின்றது.

அதனை அடைப்பது வெறுப்பு மாத்திரமன்று. இரக்கமும் அதனை அடைக்கின்றது. விழுந்துவிடும் என்றஞ்சிப் பிள்ளையை ஓரத்தில் இருத்திப் புள்ளி எழுதச் செய்கின்றோம். அன்றேல், வேண்டுமென்றே தோற்று அதனை மகிழ்விக்க முயல்கின்றோம். உருசிய உளவியலறிஞர் வைகோட்ஸ்கி (1896 - 1934), உடலில் அமைந்த முதற் குறை வேறு, அது காரணமாகச் சமூக வாழ்வினின்று விலக்கப்படுவதால் விளையும் இரண்டாங் குறை வேறு எனப் பிரித்துக் காட்டினார். முதலாவதை நீக்குதல் ஆசிரியரால் இயலாது. இரண்டாவதைத் தடுத்தல் இயலும்.

எவ்வாறெனின், விளையாட்டின் விதிகள் மனிதர் வகுத்தவையே. ஆதலின் அவற்றை மனிதர் மாற்றவுங் கூடும். இரண்டாம் உலகப் போரிற் பார்வையிழந்த வீரர்களின் பொருட்டு 1946 ஆம் ஆண்டில் 'கோல்போல்' என்னும் விளையாட்டு வகுக்கப்பட்டது. அதன் பந்தினுள்ளே மணிகள் உள. பக்கத்துக்கு மூவர் ஆடுவர். ஆடுவோர் யாவரும் கண்களை மறைத்துக்கொள்வர். பந்தின் ஓசை கேட்கும்பொருட்டுப் பார்ப்போர் மௌனமாயிருப்பர். ஈண்டு மாறியது விளையாட்டின் அமைப்பே. போட்டியின் கடுமை சிறிதும் குறையவில்லை.

இம்முறையை நம் விளையாட்டுக்களிலும் கைக்கொள்ளலாம். குழிகளில் விதையிட்டு ஆடும் பல்லாங்குழியைக் கட்புலனற்ற பிள்ளை விரல்களால் எண்ணி ஆடும். செவிப்புலனற்ற பிள்ளை ஆடுமிடத்து, நடுவர் விசில் ஊதுவதோடு கொடியையும் அசைத்தல் வேண்டும். கிளித்தட்டில் மறிப்பவர் தத்தம் கோட்டிலேயே நிற்பவராதலின், தரை உறுதியாயிருப்பின் சக்கர நாற்காலியிலுள்ள பிள்ளையும் ஒரு கோட்டைக் காக்கலாம். கோட்டின் நீளத்தைச் சிறிது குறைத்தாற் போதும்.

பேச்சிலும் பழக்கத்திலும் வேறுபட்ட ஓட்டிசப் பிள்ளைகளிடத்து மற்றொரு வழி வேண்டும். அத்தகைய பிள்ளை கூழாங்கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பின், அதனைக் கலைத்து நம் விளையாட்டுக்கு இழுத்தல் தகாது. அருகே அமர்ந்து நாமும் கற்களை அடுக்குதல் வேண்டும். பின்னர் ஒரு கல்லை நீட்டிக் காத்திருத்தல் வேண்டும். அது நம் முகத்தை நோக்காதிருத்தல் கூடும். அதனை அலட்சியமெனக் கொள்ளலாகாது. அப்பிள்ளை அக்கல்லை வாங்கித் தன் வரிசையில் வைக்குமாயின், தொடர்பு தொடங்கிவிட்டது. இரைச்சலும் எதிர்பாராத தொடுகையும் சிலருக்குப் பெருந்துன்பம் தருமாதலின், அவற்றைத் தவிர்த்தல் நன்று.

யாவற்றினும் முதன்மையானது, பிள்ளையையே வினாவுதல். எவ்விளையாட்டை விரும்புகின்றது, எங்கே தடைப்படுகின்றது, எவ்வுதவியை வேண்டுகின்றது என்பதை அதுவே நன்கறியும். வாய்ச்சொல் இல்லாத பிள்ளையும் சைகையாலும் முகக்குறிப்பாலும் விடை தரும். கேளாமற் செய்யும் உதவி பலவேளை இடையூறாகவே முடியும்.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயம் (1989) விளையாட்டைப் பிள்ளைகளின் உரிமையென ஏற்றது. மாற்றுத்திறனுடையோர் உரிமைச் சமவாயம் (2006), ஏனைய பிள்ளைகளோடு சமமாக விளையாட்டிற் பங்குகொள்ளும் உரிமையைப் பாடசாலைக்கும் உரியதாக்கியது. இலங்கை முன்னதை 1991 இலும் பின்னதை 2016 இலும் ஏற்று உறுதிசெய்தது. ஆதலின் இது நாம் மனமிரங்கி வழங்கும் சலுகையன்று, அப்பிள்ளைகளுக்கு உரியது.

எனினும் ஏட்டில் எழுதிய உரிமை தானே மைதானத்துக்கு இறங்கி வராது. இடைவேளையில் மதிலோரத்தில் தனித்திருக்கும் மாணவனை அழைத்து, அவனுக்கேற்ப ஒரு விதியை மாற்றி, வெல்லவும் தோற்கவும் அவனுக்கு மெய்யான வாய்ப்பளித்தல் ஆசிரியருக்கும் சகமாணாக்கருக்கும் உரிய கடமையாகும்.