முதல் வார்டும் மூன்று மொழிகளும்

நர்சிங் படிப்பு என்றால் நம் குடும்பங்களில் பேச்செல்லாம் சீட்டு, ஃபீஸ், வங்கிக் கடன், முடித்தபின் துபாயா அயர்லாந்தா என்பதோடு நின்றுவிடுகிறது. பிள்ளை முதன்முதலாக ஆஸ்பத்திரி வார்டுக்குள் கால் வைக்கும் நாளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பிறந்து, மலையாளத்தைத் தெருவிலும் பஸ்ஸிலும் கற்று, நர்ஸாகி, பின்னர் மாணவ மாணவியரை வார்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியையாகவும் வேலை பார்த்தவள் நான். அந்தப் பயிற்சி எப்படியிருக்கும் என்பதையும், தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு அதில் தனியாக வந்து சேரும் ஒரு சிக்கலையும் இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் கணக்கு. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தைத் திருத்தி, நான்கு ஆண்டுப் படிப்பை எட்டு செமஸ்டர்களாக்கியது. முதல் செமஸ்டரிலேயே 160 மணி நேரம் வார்டுப் பயிற்சி உண்டு. இரண்டாவதில் அது 320 மணி ஆகிவிடும். வகுப்புக்கு 80 சதவீத வருகை இருந்தால் பரீட்சை எழுதலாம். வார்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பட்டம் கைக்கு வருமுன் நூறு சதவீதமும் முடித்திருக்க வேண்டும். விட்ட நாளைப் பின்னால் ஈடுகட்டியே ஆகணும். "தேர்த் திருவிழாவுக்கு ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வாடி" என்று போன் செய்யும் அம்மாக்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

வார்டுக்கு முன்னால் லேபில் பொம்மையை வைத்துப் பழக்குவார்கள். பொம்மை முனகாது, "கை சில்லுன்னு இருக்கு, தொடாதே" என்று சொல்லாது. அதனால் முதல் நாள் வார்டில் கைகால் நடுங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான். இரவு நர்ஸ் காலை நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒப்புவித்துப் பொறுப்பை மாற்றிக் கொடுப்பதை ஓரமாக நின்று கேட்பதில் நாள் தொடங்கும். பிறகு படுக்கை விரித்தல், காய்ச்சல் பார்த்தல், நாடி, மூச்சு, பி.பி. எடுத்துக் குறித்தல், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல், கை கழுவுதல், மறுபடியும் கை கழுவுதல். இவ்வளவுதான் முதல் செமஸ்டர். மருந்து கொடுப்பதும் ஊசி போடுவதும் அடுத்த செமஸ்டர் பாடம்.

"ரெண்டு மாசமாப் படிக்கிறே, இன்னும் பெட்ஷீட்தான் மாத்திக்கிட்டு இருக்கியா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். பிள்ளைகளுக்கும் அந்த வருத்தம் இருக்கும். எனக்கோ, நர்ஸ் வேலையின் பாதி அந்தப் பெட்ஷீட்டில்தான் இருக்கிறது என்று தோன்றும். நோயாளியைப் பக்கவாட்டில் புரட்டும்போதுதான் முதுகின் அடிப்பகுதியில் படுக்கைப்புண் தொடங்கும் சிவப்பு கண்ணில் படும். சிவப்பாக இருக்கும்போதே கண்டால், இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிட்டுத் தடுக்கலாம். குழி விழுந்தபின் மாதக்கணக்காகும். மூச்சு எண்ணுவதும் அப்படித்தான். எண்ணுகிறோம் என்று சொன்னால் நோயாளி மூச்சை மாற்றி விடுவார். ஆகவே நாடி பார்க்கிற பாவனையில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20. இதற்கு நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் வேண்டும். செல்போன் போதும் என்று நினைத்து அனுப்பாதீர்கள்.

மயக்கம் போட்டு விழுவதும் உண்டு. ரத்தத்தைக் கண்டு விழுவதாக வீட்டில் நினைப்பார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் காலையில் சாப்பிடாமல் வந்து இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றவர்கள்தான் விழுந்தார்கள். இட்லியோ கஞ்சியோ, வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு போகட்டும்.

இனி, நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விஷயம். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தோட்டப்பகுதிகளும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற ஊர்களும் கேரளத்தில் அமைந்தன என்பது யாவரும் அறிந்ததே. அங்கே வார்டில் மூன்று மொழி நடமாடும். கேஸ் ஷீட்டில் ஆங்கிலம், நர்ஸ்கள் பேச்சில் மலையாளம், கட்டிலில் கிடப்பவர் வாயில் தமிழ். தமிழ் பேசும் மாணவி வந்துவிட்டாள் என்று தெரிந்ததும், "மோளே, ஒண்ணு சோதிச்சு பறயாமோ?" என்று அவளைத்தான் கூப்பிடுவார்கள். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவாள்.

தமிழும் மலையாளமும் அக்கா தங்கை மாதிரி, இதிலென்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டமே அங்கேதான். தெரியாத மொழி என்றால் திருப்பிக் கேட்போம். பாதி தெரிந்த மொழியில் கேட்கமாட்டோம்.

மூணாறு எஸ்டேட் பாட்டி ஒருவர், "ராத்திரி பூரா பனிம்மா, தாங்கல" என்கிறார். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். மார்கழி தை மாதங்களில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழும் ஊரில் பாட்டி குளிரைச் சொல்கிறாரா, காய்ச்சலைச் சொல்கிறாரா? தெர்மாமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும் என்பதால் இதில் ஆபத்து குறைவு.

'வலி' அப்படியல்ல. நமக்கு வலி என்றால் நோவு. மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது; துடுப்பு வலிக்கிறோம் என்று நாமும்தானே சொல்கிறோம்? அந்தப் பொருளில் ஆஸ்துமாவுக்கு அங்கே 'வலிவு' என்று பெயர். நாம் 'இழுப்பு' என்பதுபோல. "வலிவுண்டோ?" என்று நர்ஸ் கேட்க, "ஆமாங்க, நெஞ்சுல வலி இருக்குங்க" என்று பெரியவர் சொன்னால், மாரடைப்பு சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மூச்சிரைப்பு என்று எழுதப்பட்டுவிடலாம். இன்னும் சில: 'முறிவு' நமக்கு எலும்பு உடைவது, அவர்களுக்கு வெட்டுக்காயம், எலும்பு உடைந்தால் 'ஒடிவு' என்பார்கள். 'நீர்' என்றால் அங்கே வீக்கம். "நீர் சரியாப் போகல" என்று நம்மவர் சொல்வது சிறுநீரை. காலையில் எல்லா நோயாளியிடமும் கேட்கும் "வயற்றீன்னு போயோ?" என்பதற்கு மலம் கழிந்ததா என்றுதான் பொருள். நம் காதில் அது வயிற்றுப்போக்காக விழும். "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க" என்று மறுத்தால், நேற்றுவரை ஒழுங்காக இருந்தவருக்கு மலச்சிக்கல் என்று பதிவாகிவிடும். என் மாணவிகளிடம் பாக்கெட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு பட்டியலை அவரவரே எழுதச் சொல்வேன். ஒவ்வொரு வாரமும் அது நீளும்.

அட்டப்பாடிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இருளர் மொழி தமிழுக்கு நெருக்கமானது, ஆனால் தமிழ் அல்ல. புரிந்த மாதிரி தலையாட்டிவிடக் கூடாது.

மொழிபெயர்க்கும் மாணவி எதுவரை போகலாம்? எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எத்தனை முறை வாந்தி, காலையில் சாப்பிட்டாரா - இவற்றை அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லி, பிறகு அர்த்தத்தைச் சொல்லலாம். அழகுபடுத்தவோ சுருக்கவோ வேண்டாம். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்குவது வேறு. அதை விளக்க வேண்டியவர் டாக்டர். "நீயே சொல்லி ஒப்பு வாங்கிடு" என்று யார் சொன்னாலும், முதல் செமஸ்டர் பிள்ளை தன் டீச்சரைக் கூப்பிட வேண்டும். என்ன நோய் என்று அறிவிப்பதும் அவள் வேலையில்லை. நோயாளியின் மகன் வாசலில் வழிமறித்து, "தங்கச்சி, நீ நம்ம ஆளு, உண்மையைச் சொல்லு, கேன்சரா?" என்று கேட்பான். "அண்ணே, நான் இன்னும் படிக்கிறேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நீங்க கேளுங்க, நானும் கூட நிக்கிறேன்" என்பதே சரியான பதில். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம். மனு கொடுக்க அது உதவும். நடுராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு உதவுவது, பக்கத்தில் நின்று இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சொல்லும் ஒரு ஆள்தான்.

'நம்ம ஆளு' என்பதில் இன்னொரு கண்ணி உண்டு. வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு, அதே லயத்துக்காரர் கட்டிலில் கிடப்பது அதிசயமே இல்லை. கல்யாணமாகாத பெண்ணின் கர்ப்பமோ, காசநோயோ, விஷம் குடித்த சங்கதியோ, வார்டில் தெரிந்தது வீட்டு அடுப்படிவரைகூட வரக் கூடாது. சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு வாய் திறந்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். பெற்றோரும், "அவங்க ஏன் அட்மிட் ஆகியிருக்காங்க?" என்று பிள்ளையிடம் விசாரிக்காதிருக்க வேண்டும். உள்ளபடியே இதுதான் வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி. பெங்களூரிலும் மும்பையிலும் தமிழர் நெருங்கி வாழும் பகுதிகளிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசி மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. சீட்டு உறுதியான வாரமே முதல் டோஸைப் போட்டுவிடுங்கள். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. 2016 விதிகளின்படி அது வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, திட்டுவார்களே என்று மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. மறைத்த பிள்ளைக்கு அந்த நேரம் போய்விடும்.

கடைசியாக, கல்லூரி தேடும் பெற்றோருக்கு. பி.எஸ்ஸி. நர்சிங் நடத்தக் குறைந்தது 100 படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்பதும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி வீதம் இருக்க வேண்டும் என்பதும் கவுன்சிலின் விதி. ஏஜெண்ட் காட்டும் வண்ணப் புத்தகத்தில் கட்டிடம் இருக்கும், நோயாளி இருக்கமாட்டார். பணம் கட்டுமுன், "பிள்ளைங்களை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புறீங்க?" என்று கேட்டு, ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு நீங்களே அங்கே போய்ப் பாருங்கள். ஓ.பி.யில் வரிசை இருக்கிறதா, வார்டில் எத்தனை கட்டிலில் ஆள் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வாருங்கள்.