சட்டத்தின் நடைமுறை வாசகம்: பிரித்தானியச் சட்டத் தேடற் கருவி பற்றிய ஒரு நோக்கு

சட்டத்தை அறியாமை மன்னிப்புக்குரிய காரணமாகாது என்பது ஆங்கிலச் சட்ட மரபின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. குடிமக்கள் மீது இக்கடப்பாட்டைச் சுமத்தும் அரசு, அச்சட்டம் யாது என்பதை அவர்கள் அறியக்கூடிய நிலையில் வைத்திருக்கின்றதா என்னும் வினா அத்துணை அடிக்கடி எழுப்பப்படுவதில்லை. 2008 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே அவ்வினா எதிர்பாராத வகையில் எழுந்தது.

தீர்வை செலுத்தாது கொண்டுவரப்பட்ட புகையிலை தொடர்பாகக் குற்றத்தை ஏற்றுக்கொண்ட ஒருவர்மீது பறிமுதற் கட்டளை பிறப்பிக்கப்பட்டிருந்தது. அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டவை 1992 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள். விசாரணை நீதிமன்றம், வழக்குத் தொடுநர், எதிரித் தரப்பு ஆகிய அனைவரும் அவற்றையே பின்பற்றினர். மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்யும் தீர்ப்பின் வரைவும் ஆயத்தமாகிவிட்டது. அந்நிலையில், வழக்குத் தொடுநர் அலுவலகத்தின் சட்டத்தரணி ஒருவர் ஓர் உண்மையைக் கண்டார். புகையிலையைப் பொறுத்தவரை 1992 ஆம் ஆண்டு விதிகள் 2001 முதல் ஏற்புடையனவாக இல்லை. அவற்றினிடத்தில் வேறு விதிகள் வந்திருந்தன. கட்டளை நீக்கப்பட்டது. சட்டத்தைப் பொருள்கொள்ளும் கடமையுடைய நீதிமன்றங்களுக்கே சட்டம் கைக்கெட்டாதிருக்கின்றது என நீதியரசர் தூல்சன் தம் தீர்ப்பில் கவலை தெரிவித்தார். நீதியரசர்களின் நிலையே இதுவாயின், வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் ஒரு தொழிலாளியின் நிலை யாதாகும்?

இத்தகைய தவறு ஏன் நிகழ்கின்றது? பாராளுமன்றம் நிறைவேற்றி அச்சிட்டு வெளியிடும் வாசகமே சட்டம் என நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது சட்டத்தின் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. பின்வரும் திருத்தச் சட்டம் ஒவ்வொன்றும், இன்ன பிரிவில் இன்ன சொற்களை நீக்கி இன்ன சொற்களை இடுக என்று மட்டும் கூறிச் செல்கின்றது. திருத்தப்பட்ட முழு வாசகத்தை அது தருவதில்லை. நிறைவேறிய திகதி வேறு, நடைமுறைக்கு வரும் திகதி வேறு. ஒரே சட்டத்தின் பிரிவுகள் வெவ்வேறு நாள்களில் நடைமுறைக்கு வருவதும் உண்டு. உயிர்த்த ஞாயிறுத் திருநாளின் திகதியை வரையறுக்க 1928 இல் இயற்றப்பட்ட சட்டம் இன்றுவரை நடைமுறைக்கு வரவேயில்லை. எனினும் ஏட்டில் அது இருந்துகொண்டேயிருக்கின்றது. இவற்றோடு, ஒரு பிரிவு இங்கிலாந்துக்கு மட்டும் உரியதா, ஸ்கொத்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் உரியதா என்பதையும் நோக்கவேண்டும்.

இவையனைத்தையும் ஒன்றிணைத்துத் தருவது ஒரு பெரும் பதிப்புப் பணி. கணினிக்கு முன்னர் நடைமுறைச் சட்டங்கள் தளர்தாள் தொகுதிகளாக அரசினால் வெளியிடப்பட்டன. பின்னர் அவ்வாசகமே கணினித் தரவுத்தளத்துக்கு அடிப்படையாயிற்று. 1991 பெப்ரவரி 1 ஆம் திகதி அதன் தொடக்கக் கோடாகக் கொள்ளப்பட்டது. ஆயினும் பொதுமக்களுக்கு அது திறந்துவிடப்பட்டது 2006 டிசம்பரிலேயே. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளிலும் கணினிவழித் திருத்திய சட்ட வாசகம் வேண்டியோர் தனியார் வெளியீட்டாளருக்குக் கட்டணம் செலுத்தியே அதனைப் பெற்றனர். மக்களின் பெயரால் இயற்றப்பட்ட சட்டம் மக்களுக்கே விற்பனைப் பண்டமாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

2010 யூலையில் பிரித்தானியத் தேசிய ஆவணக்காப்பகம் லெஜிஸ்லேஷன் டொட் கவ் டொட் யுகே என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. 1267 ஆம் ஆண்டு மார்ல்பரோ சட்டத்தின் எஞ்சிய பகுதிகள் தொடக்கம் அண்மையில் நிறைவேறியவை வரை அதில் உள்ளன. இலங்கையர் நோக்கவேண்டிய 1947 ஆம் ஆண்டின் இலங்கைச் சுதந்திரச் சட்டத்தையும் அங்கே காணலாம். இயற்றப்பட்டபோதிருந்த வாசகமும் திருத்திய வாசகமும் வேறுவேறாகத் தரப்படுகின்றன. காலக்கோட்டில் ஒரு திகதியைத் தெரிந்தெடுத்தால், அன்றைய நாளில் அப்பிரிவு எவ்வாறிருந்தது என்பது தோன்றும். இதனைச் சாத்தியமாக்கியது முகவரி அமைப்பாகும். சட்டத்தின் வகை, ஆண்டு, இலக்கம், பிரிவு, திகதி ஆகியன முகவரியிலேயே வரிசையாக இடம்பெறுகின்றன. ஆகவே ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்த, நிலையான முகவரி உண்டு. அம்முகவரியின் ஈற்றில் ஒரு சிறு சொற்றொடரைச் சேர்த்தால், பிற மென்பொருள்கள் கையாளத்தக்க வடிவில் அதே தரவு கிடைக்கும். கட்டணம் இல்லை, மீளப் பயன்படுத்தவும் தடையில்லை. எமது மதிப்பீட்டில், தேடற்பெட்டியினும் பெரிய சாதனை இதுவே.

எனினும் குறைகளும் உள. 1971 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் 1980 இல் எவ்வாறு நின்றது என்பதை வரலாற்று மாணவர் இக்கருவியிற் பொதுவாகக் காணவியலாது. காலக்கோடு 1991 க்கு முன்னே செல்வதில்லை. இதனினும் பாரதூரமானது மற்றொன்று. 2008 இல் நீதிமன்றத்தை வழிதவறச் செய்தவை பாராளுமன்றச் சட்டங்களல்ல. அமைச்சர்கள் ஆக்கும் ஒழுங்குவிதிகள். ஆனால் கருவி தொடங்கப்பட்டபோதும் அதன்பின் பல்லாண்டுகளும், இவ்விதிகளிற் பெரும்பாலானவை ஆக்கப்பட்ட வடிவிலேயே வைக்கப்பட்டிருந்தன. திருத்திய வடிவம் தரும் பணி, பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய காலத்திலேயே விரிவு பெற்றது. நலன்புரிக் கொடுப்பனவு, குடிவரவு, வாடகை என வறியோரின் அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பவை பெரிதும் இவ்விதிகளே. வழக்கறிஞர் விரும்பித் தேடும் சட்டங்கள் முதலிலும், வறியோரைத் தொடும் விதிகள் பின்னரும் திருத்தம் பெற்றதைத் தற்செயலானதென நாம் கொள்வதற்கில்லை.

திருத்தங்களைக் கண்டறிந்து வாசகத்தில் ஏற்றுவது பதிப்பாசிரியர்களின் பணியாக உள்ளது. ஏற்றப்படாத மாற்றங்கள் இருப்பின், பக்கத்தின் தலைப்பில் ஓர் அறிவித்தல் தோன்றும். அதன்கீழ் அம்மாற்றங்களின் பட்டியலும் தரப்படும். அதனைக் காண்பவர், பட்டியலிலுள்ள திருத்தச் சட்டங்களைத் தாமே எடுத்து வாசித்து, உரிய சொற்களை உரிய இடத்திற் பொருத்திப் பார்த்துக்கொள்ளவேண்டும்.