போனஸ் பணத்தில் புது டி.வி... எந்த ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்கலாம்?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பட்டாசு வட்டாரத்து வீடுகளில் ஒரு கணக்கு ஓடும். துணிமணி, வட்டிக்கடை, பிள்ளைகளின் பீஸ் எல்லாம் போக மிச்சம் இருந்தால், "இந்த வருஷமாவது புது டி.வி எடுத்துருவோமா?" என்ற பேச்சு வரும். விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளமும் இதற்கு விலக்கல்ல. அரசு சிமென்ட் ஆலையால் பெயர் பெற்ற இந்த ஊரைச் சுற்றி வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் என்று பட்டாசுத் தொழிலை நம்பிய ஊர்கள்தான்.

கடைக்குள் நுழைந்தால் தலை சுற்றும். 4கே, ஹெச்.டி.ஆர், க்யூ.எல்.இ.டி, மினி எல்.இ.டி, ஓ.எல்.இ.டி என்று ஆளுக்கொரு ஸ்டிக்கர். எல்லா டி.வி-யிலும் படம் பளபளவென்று ஓடும். மருந்து அறையில் வெயிலும் தூசியும் தாங்கிச் சம்பாதித்த பணம். எந்த ஸ்டிக்கருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

முதலில், வீட்டுக்கு என்ன வருகிறது?

2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டி.வி பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சின்னப் பெட்டியில் கேபிள் படம் உறுத்தாமல் தெரிந்தது. அதே கேபிளை 55 இன்ச்சில் போட்டால் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல இருக்கிறது. டி.வி-யில் கோளாறு இல்லை. வருகிற படத்தில் சரக்கு குறைவு.

சாதாரண எஸ்.டி. ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 720-க்கு 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம். ஃபுல் ஹெச்.டி-யில் சுமார் 20 லட்சம். 4கே-யில் சுமார் 83 லட்சம். எஸ்.டி. செட்டாப் பாக்ஸை 4கே டி.வி-யில் செருகினால், 20 புள்ளிகளில் 19-ஐ டி.வி-யே ஊகித்து நிரப்ப வேண்டும். விலை கூடிய டி.வி கொஞ்சம் நன்றாக ஊகிக்கும், அவ்வளவுதான்.

எனவே கேபிள் சீரியல் மட்டுமே ஓடும் வீட்டில், பெரிய டி.வி வாங்கும் முன் ஹெச்.டி. பாக்ஸ் கிடைக்குமா என்று கேபிள்காரரிடம் கேட்பது நல்லது. ஓ.டி.டி-யில் 4கே பார்ப்பதென்றால் இன்டர்நெட் வேகம் 15 எம்.பி.பி.எஸ். அளவுக்காவது நிலையாக இருக்க வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பினால் ஒரே படத்தில் அன்றைய டேட்டா காலியாகிவிடும்.

எவ்வளவு தூரத்தில் உட்காருகிறோம்?

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 43 இன்ச் டி.வி-யை ஆறடிக்கு அப்பால் இருந்து பார்த்தால், 4கே-க்கும் ஃபுல் ஹெச்.டி-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 55 இன்ச் என்றால் இந்த எல்லை சுமார் ஏழடி. பத்தடி தள்ளி உட்காரும் வீட்டில், 4கே என்ற ஒரு ஸ்டிக்கருக்காக மட்டும் பட்ஜெட்டை இழுக்கத் தேவையில்லை.

32 இன்ச்சில் 'ஹெச்.டி. ரெடி' என்று இருந்தால் அது ஃபுல் ஹெச்.டி. அல்ல, அதில் பாதிப் புள்ளிகள்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் சின்ன அறை என்றால் 32 இன்ச்சிலும் ஃபுல் ஹெச்.டி. மாடலைக் கேட்டு வாங்கலாம்.

கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா?

படத்தின் அழகைத் தீர்மானிப்பதில் புள்ளிகளைவிட முக்கியமானது கறுப்பு. இருட்டு வானத்தில் ஒரு வாணம் வெடிப்பதை டி.வி-யில் பார்த்தால் இது புரியும். வானம் கரிபோல் இருந்தால்தான் தீப்பொறி ஜொலிக்கும். வானம் சாம்பல் நிறத்தில் வெளுத்துக் கிடந்தால் பேன்சி வெடியும் மங்கிப்போகும்.

நாம் எல்.இ.டி. டி.வி என்று சொல்வது உண்மையில் எல்.சி.டி. திரைதான். பின்னால் எல்.இ.டி. விளக்குகள் எரியும். முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் ஜன்னல் கதவுபோல வெளிச்சத்தை மறைக்கும், விடும். கதவு எவ்வளவு சாத்தினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அந்தக் கசிவுதான் சாம்பல் கறுப்பு.

இந்தத் திரையில் இரண்டு முக்கிய வகை உண்டு. வி.ஏ. வகையில் கசிவு குறைவு, கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். வகையில் கறுப்பு சுமார்தான். ஆனால், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது.

நம் வீடுகளில் இது பெரிய விஷயம். டி.வி-யைச் சுவரில் உயரத்தில் மாட்டுகிறோம். தாத்தா நாற்காலியில், பிள்ளைகள் தரையில் பாய் போட்டு, அம்மா சமையற்கட்டு வாசலில் நின்றபடி... ஆளுக்கொரு கோணம். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஐ.பி.எஸ். பொருந்தும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு நேராக உட்கார்ந்து சினிமா பார்ப்பவர்களுக்கு வி.ஏ. நல்லது. விற்பனையாளருக்குத் திரை வகை தெரியாவிட்டாலும், டி.வி-க்குப் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மினி எல்.இ.டி... ஓ.எல்.இ.டி...

விலை குறைந்த டி.வி-யில் பின்விளக்கு முழுவதும் ஒன்றாகவே எரியும். மினி எல்.இ.டி-யில் நுணுக்கமான விளக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் மங்க வைப்பார்கள். பகுதிகள் அதிகமானால் கறுப்பு ஆழமாகும். குறைவாக இருந்தால் வெளிச்சமான பொருளைச் சுற்றிப் புகைபோல ஓர் ஒளிவட்டம் தெரியும். ஆகவே, எத்தனை பகுதிகள் என்று கேட்க வேண்டும்.

ஓ.எல்.இ.டி-யில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைந்தால் முழு இருட்டு. பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் நன்றாக இருக்கும். விலை அதிகம் என்பதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. அசையாத படம் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடலாம். சேனல் லோகோவும் கீழே ஓடும் செய்திப் பட்டையுமாக, காலையிலிருந்து இரவுவரை செய்தி சேனல் ஓடும் வீடு என்றால் யோசித்து வாங்க வேண்டும்.

நீலம் என்ற பிடிவாதக்காரன்

பட்டாசுக்காரர்களுக்குத் தெரியும்: சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு. இதில் நல்ல நீலம் கொண்டுவருவதுதான் கஷ்டம். சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் வெளுத்துவிடும்.

டி.வி உலகத்திலும் நீலம்தான் படுத்தியது. சிவப்பு எல்.இ.டி. 1960-களிலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீல எல்.இ.டி. 1990-களில்தான் கைகூடியது. அதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய டி.வி-களின் பின்விளக்கு அந்த நீல எல்.இ.டி-யின் வாரிசுதான்.

க்யூ.எல்.இ.டி. என்பது அந்த நீல ஒளியைக் குவான்டம் டாட் எனும் நுண்துகள்கள் வழியே செலுத்தும் முறை. ஒரே பொருளில் செய்த துகளானாலும், அளவு மாறினால் நிறம் மாறும். பெரியது சிவப்பைத் தரும், சின்னது பச்சையைத் தரும். இந்தத் துகள்களுக்கு 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதனால் நிறங்கள் செழிப்பாகும் என்பது உண்மை. ஆனால், பெயரில் 'எல்.இ.டி' என்று முடிவதால் ஓ.எல்.இ.டி. ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. இதுவும் பின்விளக்கு உள்ள எல்.சி.டி-தான். நிறம் கூடும், கறுப்பு கூடாது.

ஹெச்.டி.ஆர். ஸ்டிக்கர்

வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 250, 300 நிட்ஸ் மட்டுமே உள்ள டி.வி-யிலும் ஹெச்.டி.ஆர். ஸ்டிக்கர் இருக்கும். அந்த சிக்னலை அது வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்டுவதற்கு வெளிச்சம் போதாது. ஹெச்.டி.ஆர். பலன் கண்ணுக்குத் தெரிய 600 நிட்ஸ் அளவிலாவது வேண்டும். வாசலைத் திறந்து வைத்துப் பகலில் டி.வி பார்க்கும் வீட்டுக்கும் நிட்ஸ் அதிகமாக இருப்பது நல்லது.

கடையில் செய்ய வேண்டியவை

கடையில் டி.வி 'விவிட்' மோடில் ஓடும். நிறம் அள்ளித் தெளித்திருக்கும். சிவகாசி ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மை அதிகமானால் அது நல்ல அச்சு ஆகிவிடாது. 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்டு' மோடுக்கு மாற்றச் சொல்லி, மனிதர்களின் தோல் நிறம் இயல்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போன தீபாவளி இரவில் போனில் எடுத்த வாண வேடிக்கை வீடியோ இருந்தால், பென்டிரைவில் கொண்டுபோகலாம். கறுப்பு, வெளிச்சம், நிறம், வேகம் நான்கையும் ஒரே நேரத்தில் சோதிக்க அதுபோல வராது. எந்தெந்த டி.வி-யை ஒப்பிடுகிறோமோ, எல்லாவற்றிலும் அதே வீடியோவைப் போட வேண்டும். ஒரு எஸ்.டி. சேனலையும் ஓட்டிக்காட்டச் சொல்ல வேண்டும்.

விலையிலும் ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி-களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அடிப்படை விலை 30,000 ரூபாய் என்றால் முன்பு 38,400, இப்போது 35,400. இந்தக் குறைப்பையே கடையின் சிறப்புத் தள்ளுபடி என்று யாராவது சொன்னால், பில்லில் வரியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேபிளும் சீரியலும் மட்டும் என்றால் 43 இன்ச்சுக்குள் ஒரு நல்ல ஐ.பி.எஸ். டி.வி-யும் ஹெச்.டி. பாக்ஸும் போதும். இரவில் ஓ.டி.டி. சினிமா என்றால் வி.ஏ. திரையுள்ள 4கே. பட்ஜெட் இன்னும் கொஞ்சம் நீளும் என்றால் க்யூ.எல்.இ.டி-யைத் தாண்டி மினி எல்.இ.டி-க்குப் போகலாம். கடன் வாங்கித்தான் அந்த அடுத்த படிக்குப் போக வேண்டும் என்றால், வேண்டாம். தவணை முடிவதற்குள் அதே டி.வி-யின் விலை இறங்கியிருக்கும்.